நான்தான் தோற்றேன்

இடோயாவுக்குச் சீட்டாட்டச் சட்டம் ஒன்று விடாமல் தெரியும். குரல்தான் வராது.

ஒன்பது வருடம் சீட்டுப் போடுகிற டீலராக இருந்தவரை அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. டீலர் பேச வேண்டியதில்லை. கை ஒழுங்காக வேலை செய்தால் போதும். போன மாதம் 'செம்மறிக் கொம்பு' சூதாட்ட விடுதியின் சீட்டு அறையில் அவளை ஃப்ளோராக நிறுத்தினார்கள். மேசையில் தகராறு வந்தால் டீலர் கையைத் தூக்கி "ஃப்ளோர்!" என்று கத்துவார். ஃப்ளோர் வந்து, இரண்டு பக்கத்தையும் கேட்டு, நடுவில் குவிந்த பந்தயச் சில்லுகள் யாருக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

இடோயாவும் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னது அவளுடைய சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்டது. "என்னம்மா சொன்ன?" என்பார் ஒருவர். "அட, லோர்னாவைக் கூப்பிடுங்கப்பா" என்பார் இன்னொருவர். லோர்னா சீட்டு அறையின் மேலாளர். நரைத்த பின்னல் ஆட, பூட்ஸ் அதிரப் படியிறங்கி வந்து, இடோயா சொன்ன அதே தீர்ப்பை ஊருக்கே கேட்கும்படி சொல்வாள். எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவார்கள்.

"உன் மண்டையில ஒரு குறையும் இல்லடி, தொண்டையிலதான்," என்று லோர்னா சொல்லியிருந்தாள். "விழா முடியற வரைக்கும் பாக்கறேன். ஒரு தீர்ப்பு. ஒண்ணே ஒண்ணு. நான் இறங்கி வராம மேசையில நிக்கட்டும், ஃப்ளோர் வேலை உனக்குத்தான். நிக்கலைன்னா திரும்பச் சீட்டுப் போடப் போயிடு. என்கிட்ட கோவிச்சுக்காத."

அன்று விழாவின் கடைசி நாள்.

எல்கோ ஊரில் ஜூலை மாதம், கடல் தாண்டி ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்களின் விழா வந்தால் ஊரே தெருவில்தான் கிடக்கும். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் ஆட்டுக்கறி சுடுகிற புகை சீட்டு அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எதிர்ப் பூங்காவில் பாறை தூக்கும் போட்டி முடிந்து, இரின்சிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இரின்சி என்பது ஒரே மூச்சில் கூவுகிற கூவல். அடிவயிற்றில் கிளம்பி, ஏறி, இன்னும் ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் கனைப்பாகவும் சிரிப்பாகவும் உடையும். ஆடு மேய்க்க வந்தவர்கள் ஒரு மலைச்சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குச் சேதி சொன்ன கூவல் அது. இப்போது அவர்களுடைய பேத்திகள் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று கோப்பைக்காகக் கூவினார்கள். ஒவ்வொரு கூவலுக்கும் முதல் மேசையில் இருந்த சில்லு அடுக்குகள் லேசாக நடுங்கின.

அந்த முதல் மேசையின் ஒரு கோடியில் ஃபெர்மின் உகால்டே. எதிர்க் கோடியில் டொமிங்கோ அரானா. இருவரும் வாலிபத்தில் ஒரே கப்பலில் வந்தவர்கள்; ஒரே பண்ணையில் ஆடு மேய்த்தவர்கள்; முப்பது வருடம் ஒரே அணியாக முஸ் ஆடியவர்கள். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் இந்த மேசைக்கு வருவார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பேச்சில்லை என்றால் நேர்ப் பேச்சில்லை. டீலர் கர்டிஸ் வழியாகப் பேசுவார்கள்.

"கர்டிஸ், அந்தப் பக்கம் இருக்கிற பெரியவர்கிட்ட சொல்லு, சீட்டைப் பாக்கறதுக்கு இவ்வளவு நேரம் எடுத்தா சாயங்காலம் ஆயிடும்னு."

"கர்டிஸ், இந்தப் பக்கம் இருக்கிறவன் சொல்றான்னு சொல்லு, அவசரமா இருந்தா எழுந்து போகட்டும்."

"கேட்டுச்சு ரெண்டு பேருக்கும்," என்பான் கர்டிஸ். "நான் திருப்பிச் சொல்லணுமா?"

"சொல்லு!" என்பார்கள் இருவரும்.

சண்டை வந்தது முஸ் ஆட்டத்தில். முஸ் ஜோடியாக ஆடுகிற சீட்டாட்டம். அதில் கூட்டாளிக்கு முகத்தால் சைகை காட்டலாம். கீழுதட்டைக் கடித்தால் கையில் இரண்டு ராஜா இருக்கிறதென்று அர்த்தம். நாக்கு நுனியைக் காட்டினால் இரண்டு ஏஸ். எதிராளி பார்க்காத நேரத்தில் காட்ட வேண்டும். அது திறமை. ஆனால் இல்லாததைக் காட்டக் கூடாது. பொய்ச் சைகை காட்டியவனை பாஸ்க் வீடுகளில் ஒரு வாய்க் காபி குடிக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு வருடம் முன்னால் இதே விழாவில் கடைசி ஆட்டத்தில், ஃபெர்மின் உதட்டைக் கடித்ததைப் பார்த்ததாக நினைத்து, டொமிங்கோ மொத்தத்தையும் பந்தயம் வைத்தார். ஃபெர்மின் கையில் ராஜாவே இல்லை. வெற்றித் தொப்பி வேறு ஊர்க்காரர்கள் தலையில் ஏறியது. "பொய்ச் சைகை காட்டிட்டான்!" என்று டொமிங்கோ மண்டபமே கேட்கக் கத்தினார். "நான் நாக்கு நுனியைத்தான்டா காட்டினேன்!" என்று ஃபெர்மின் கத்தினார். அவ்வளவுதான்.

அன்று மதியமும் சீட்டு மேசையில் கர்டிஸ் வழியாகத்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஒரு ஆட்டம் வரும்வரை.

நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் விரிந்திருந்தன. சிவப்பு இதயம் போட்ட ஆட்டினில் எட்டு, ஒன்பது, பத்து. கிளாவரில் ஒரு பத்து. யாருக்கும் உதவாத ஒரு இஸ்பேட் மூன்று. கையில் இருக்கும் இரண்டையும் நடுவில் இருக்கும் ஐந்தையும் சேர்த்து யார் உயர்ந்த ஐந்தைக் காட்டுகிறார்களோ அவருக்குக் குவியல். மற்றவர்கள் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கியிருந்தார்கள். இரண்டு கிழவர்கள் மட்டும் சில்லுகளை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஃபெர்மின் தன் இரண்டு சீட்டுகளையும் மெல்ல, மிட்டாய் வைப்பது போல, மேசையில் வைத்தார். இரண்டும் பத்து.

"நாலு பத்து," என்றார் உதட்டைத் திறக்காமல்.

டொமிங்கோ தன் சீட்டுகளைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு முகம் மேலாக விரித்துப் போட்டார். "வெறும் வரிசை. ஆறுலேருந்து பத்து வரைக்கும். ஆட்டின் ஏழு, டைமன் ஆறு. கர்டிஸ், அவர்கிட்ட சொல்லு, எடுத்துக்கட்டும்."

கர்டிஸின் கண் நான்கு பத்துகளை விட்டு நகரவே இல்லை. குவியலை அப்படியே ஃபெர்மின் பக்கம் தள்ளினான். ஃபெர்மின் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா," என்றாள் டொமிங்கோவுக்குப் பக்கத்தில் இருந்த வெர்லா. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவள். "அது டைமன் இல்ல. ஆட்டின் ஆறு."

மேசை முழுக்கக் குனிந்து பார்த்தது. ஆட்டின் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஒரே சாதியில் வரிசையாக ஐந்து. நான்கு பத்தை அடிக்கக்கூடியது அது ஒன்றுதான்.

தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற ரஸ்டி எழுந்த வேகத்தில் அவன் நாற்காலி விழுந்தது. "நொந்தவன் பரிசு! ஐயோ, நொந்தவன் பரிசுடா!"

எல்லா ஆட்டக்காரர்களின் ஆட்டத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்துவைக்கிற பரிசு அது. நான்கு ஒரே எண் வைத்திருந்தும் ஒருவன் தோற்றுப்போனால், அந்த வயிற்றெரிச்சலுக்காக விடுதி கொடுப்பது. தோற்றவனுக்குப் பாதி. அவனைத் தோற்கடித்தவனுக்குக் கால். மிச்சக் கால் மேசையில் இருக்கிற மற்ற எல்லாருக்கும். மூன்று வருடமாக யாருக்கும் விழாமல் சுவரில் இருந்த பலகையில் எண் ஏறிக்கொண்டே போயிருந்தது.

ஃபெர்மின் தன் அணைப்பில் இருந்த குவியலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சுட்டுவிட்டது போலக் கைகளை எடுத்து, மொத்தத்தையும் டொமிங்கோ பக்கம் தள்ளினார். "நான் தோத்துட்டேன்! எல்லாரும் பாத்துக்குங்க! நான்தான் தோத்தேன்!"

டொமிங்கோவுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் உறைத்தது. தான் ஜெயித்தால் இவனுக்குத் தன்னைப்போல் இரண்டு மடங்கு. அவர் முழங்கையால் குவியலை வந்த வழியே திருப்பித் தள்ளினார். "யாரு தோத்தது? நீதான் ஜெயிச்ச. எடுத்துட்டுப் போ."

"நீ ஜெயிச்சடா!"

"நான் ஏன் ஜெயிக்கணும்? வெறும் வரிசைன்னு என் வாயால சொல்லியாச்சு. என் வாக்கு மாறாது."

"உன் வாக்கை ஆட்டுக்குப் போடு. நான் தோத்தவன்!"

"தோக்கறதுக்கு உனக்குத் தகுதி இல்ல!"

இரண்டு வருடத்தில் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் இவை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. குவியல் மேசைக்குக் குறுக்கே போவதும் வருவதுமாக இருந்தது. சில்லுகள் உருண்டு நாற்காலிகளுக்கு அடியில் ஓடின. கர்டிஸ் டொமிங்கோவின் இரண்டு சீட்டுகளையும் ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினான்.

"ஃப்ளோர்!"

இடோயா வந்து நின்றாள். கர்டிஸ் நடந்ததைச் சொன்னான். கேட்கும்போதே அவளுக்குத் தீர்ப்பு தெரிந்துவிட்டது. இதைவிடச் சுலபமான தீர்ப்பு கிடையாது. முகம் மேலாக விரித்த சீட்டு தானே பேசும். அதை வைத்தவன் வாயால் என்ன சொன்னாலும் கணக்கில் வராது. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக் கலைக்காதவரை தவறாகப் போன குவியலையும் திருப்பலாம்.

அதைச் சொன்னாள். பொத்தான்கள் கேட்டுக்கொண்டன.

"...தோத்ததை நிரூபிக்கறேன், கேமராவைப் போட்டுப் பாருங்க!" என்று ஃபெர்மின் தாடையை இறுக்கியபடியே கத்திக்கொண்டிருந்தார்.

"போடு, போடு! நான் சொன்னது கேமராவுல கேக்கும்!"

"பெருசு, ஜெயிச்சுத் தொலையேன்!" என்று ரஸ்டி டொமிங்கோவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "உன் கையில ஒன்பது பேர் பொழப்பு இருக்கு!"

"தொடாத. லோர்னாவைக் கூப்பிடு."

"ஆமா, லோர்னாவைக் கூப்பிடுங்க," என்றன நாலைந்து குரல்கள்.

சுவரில் தொலைபேசி அடித்தது. மாடியில் கேமரா அறையிலிருந்து லோர்னா. "பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நான் இறங்கட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் இடோயா.

"என்னது? கேக்கல."

அந்த நேரத்தில் யாரோ கதவைத் திறந்தார்கள். பூங்காவிலிருந்து ஒரு பெண்ணின் இரின்சி உள்ளே வந்து, கூரையில் மோதி, உடைந்து சிரித்தது. இடோயா தொலைபேசியை மாட்டினாள். அவளுக்குப் பேசுவதற்குத்தான் குரல் இல்லை. கூவுவதற்கு எந்த பாஸ்க் பெண்ணுக்குத்தான் குரல் இருக்காது? பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் அவள் கூவிப் பார்த்திருக்கிறாள். மனிதர்கள் முன்னால் ஒருநாளும் இல்லை.

இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றி, கண்ணை மூடி, கூவினாள்.

அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. ஏறியது. ரஸ்டியின் கை டொமிங்கோவின் தோளிலிருந்து தானாக விழுந்தது. இன்னும் ஏறியது. சில்லு அடுக்குகள் நடுங்கி, ஒன்று சரிந்தது. அடுத்த அறையில் இயந்திரங்களின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் இழுத்த கையோடு அப்படியே நின்றார்கள். இதற்கு மேல் முடியாது என்ற இடத்தில் கூவல் உடைந்து, ஒரு நீளமான கனைப்புச் சிரிப்பாக இறங்கி முடிந்தது.

ஒரு கணம் கழித்து, தெருவுக்கு அப்பாலிருந்து யாரோ பதிலுக்குக் கூவினார்கள்.

"உக்காருங்க," என்றாள் இடோயா. அதே பழைய சின்னக் குரல்தான். ஊசி விழுந்தால் கேட்கிற அந்த அமைதியில் மூலை வரைக்கும் கேட்டது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். ரஸ்டி நாற்காலி விழுந்திருப்பதை மறந்து தரையில் உட்கார்ந்தான்.

"விரிச்சு வெச்ச சீட்டு தானே பேசும். வாய் சொன்னது கணக்கில்ல. ஆட்டின் வரிசை ஜெயிக்குது. குவியல் டொமிங்கோ சாருக்கு."

"சாரா? உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவன்டி நான்."

"இப்ப நான் ஃப்ளோர், மாமா. கையை மேசைக்கு மேல வைங்க."

டொமிங்கோ வைத்தார். கர்டிஸ் குவியலை அவர் பக்கம் தள்ளினான். இந்த முறை அவர் திருப்பித் தள்ளவில்லை.

"இனிமே பரிசு விஷயம்," என்றாள் இடோயா. இதைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். "ஆட்டம் நடக்கும்போது யாராவது தன் கையில இருக்கிற சீட்டைப் பத்திப் பேசினீங்களா? சைகை காட்டினீங்களா? காட்டியிருந்தா பரிசு கிடையாது."

மேசை முழுக்கத் தலைகள் இல்லை இல்லை என்று ஆடின. ஒரு கை மட்டும் மேலே போனது.

"வெர்லாம்மா," என்று தரையிலிருந்து ரஸ்டி முனகினான். "வேண்டாம். கையை இறக்குங்க."

"நான் ஞாயித்துக்கிழமை பொய் சொல்றதில்லப்பா."

"அப்ப திங்கக்கிழமை சொல்லுங்களேன்!"

வெர்லா அவனைப் பார்க்கவில்லை. "ஃபெர்மின் ஆட்டம் முழுக்க எதிர்ல இருக்கிற இவரைப் பாத்துக் கீழுதட்டைக் கடிச்சுக்கிட்டே இருந்தார். எனக்கு அர்த்தம் தெரியாது. பாத்ததைச் சொல்றேன். எனக்கும்தான் பங்கு போகுது."

யாரோ நெற்றியை மேசையில் இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. ஃபெர்மின் முகம் சிவந்தது. வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"மாமா, கடிச்சீங்களா?" என்றாள் இடோயா.

"கடிச்சேன்."

"ஏன்?"

"அது என் சொந்த விஷயம்."

"பெருசு, சொல்லித் தொலையேன்!" என்றான் ரஸ்டி. ஃபெர்மின் கூரையைப் பார்த்தார். சொல்ல மாட்டார் என்பது அவர் தாடையிலேயே தெரிந்தது.

இடோயா கணக்குப் போட்டாள். சைகை என்று சொன்னால் மூன்று வருடமாகச் சேர்ந்தது ஒன்பது பேர் கண் முன்னால் போய்விடும். சைகை இல்லை என்று சொன்னால் எதை வைத்து என்று கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் லோர்னா இறங்கி வருவாள். நாளைக் காலையில் கர்டிஸின் நாற்காலியில் இவள் உட்கார்ந்திருப்பாள். மாடிப்படிக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது அந்தப் பக்கமே இருந்தது.

அவள் டொமிங்கோ பக்கம் திரும்பினாள். "கீழுதட்டைக் கடிச்சா என்ன அர்த்தம்?"

"எல்லாருக்கும் தெரியும். ரெண்டு ராஜா."

"அவர்கிட்ட ராஜா இருந்துச்சா?"

"ரெண்டு பத்து இருந்துச்சு. கண்ணு முன்னாடி கிடக்குது."

"அப்ப இல்லாத ராஜாவைக் காட்டினாரா? ஃபெர்மின் மாமா பொய்ச் சைகை காட்டறவரா?"

டொமிங்கோ 'ஆமாம்' என்று சொன்னால் போதும். இரண்டு வருடமாக அதைத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொன்னால் ஃபெர்மினுக்குப் பாதியும் இல்லை, தனக்குக் காலும் இல்லை. டொமிங்கோ ஃபெர்மினின் இரண்டு பத்துகளையும் மறுபடி பார்த்தார்.

இடோயா கர்டிஸின் கைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்தாள். "இது என்ன சீட்டு?"

"டைமன் ஆறு," என்றார் டொமிங்கோ. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இடோயா சிரிக்கவில்லை. "உங்க கையில இருக்கிற சீட்டே ஆட்டினா டைமனான்னு தெரியல. அன்னிக்கு மண்டபத்துல, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிச்சது உதடா, காட்டினது நாக்கான்னு எப்படித் தெரிஞ்சுது? கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"வண்டியில இருந்துச்சு."

"இன்னிக்கு எங்க இருக்கு?"

டொமிங்கோ தன் சில்லு அடுக்கை நேராக்கினார். ஏற்கனவே நேராகத்தான் இருந்தது. "வண்டியிலதான்," என்றார்.

"கேள்விக்குப் பதில் வேணும், மாமா. அவர் பொய்ச் சைகை காட்டறவரா?"

"இல்ல," என்றார் டொமிங்கோ சில்லுகளைப் பார்த்தபடி. பிறகு தலையைத் தூக்கி எதிர்க் கோடியைப் பார்த்து, மேசைக்கே கேட்கும்படி சொன்னார்: "காட்ட மாட்டான். முப்பது வருஷத்துல ஒருநாள் காட்டினதில்ல. அன்னிக்கும் நாக்கைத்தான் காட்டியிருப்பான். எனக்குத்தான் கண்ணு தெரியல. போதுமா?"

ஃபெர்மினின் தாடை தளர்ந்தது. தளர்ந்த கணமே அவர் அவசரமாகக் கையால் வாயைப் பொத்தினார். விரல்களுக்கு இடையிலிருந்து பேச்சு வந்தது. "பல்லு."

"என்னது?"

"புதுப் பல்லு செட்டுடா! வியாழக்கிழமை மாட்டினாங்க. கீழ் வரிசை நிக்க மாட்டேங்குது. உதட்டைக் கடிச்சுப் பிடிக்கலைன்னா சில்லோட சில்லா மேசையில விழுந்திருக்கும்."

டொமிங்கோ அவரை வெறித்துப் பார்த்தார். "நாலு பத்து வந்தப்ப நீ சிரிச்சிருந்தா?"

"அதான் சிரிக்கல!"

டொமிங்கோவின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு நாற்காலி. அந்தச் சிரிப்பு மேசையைச் சுற்றி ஓடி கர்டிஸ் வரைக்கும் போய், வெர்லாவின் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. ஃபெர்மின் மட்டும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணால் சிரித்தார்.

இடோயா காத்திருந்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். "முஸ் ஆடறவங்க உதட்டைக் கடிச்சா ரெண்டு ராஜா. இவர்கிட்ட ராஜா இல்ல, இவர் பொய்ச் சைகை காட்டறவரும் இல்ல. அதனால இது சைகையே இல்ல. நொந்தவன் பரிசு உண்டு. பாதி ஃபெர்மின் மாமாவுக்கு, கால் டொமிங்கோ மாமாவுக்கு, மிச்சம் மேசைக்கு. இதுதான் தீர்ப்பு."

யாரும் 'என்னம்மா சொன்ன' என்று கேட்கவில்லை. யாரும் லோர்னா பெயரை எடுக்கவில்லை. தொலைபேசிதான் அடித்தது.

"மதியத்துலேருந்து ஓட்டிப் பாத்துட்டேன்," என்றாள் லோர்னா. "அந்த மனுஷன் சீட்டுப் போடறதுக்கு முன்னாடியும் கடிக்கிறார், காபி கேக்கும்போதும் கடிக்கிறார், காலியா உக்காந்திருக்கும்போதும் கடிக்கிறார். உன் தீர்ப்பு சரி. பரிசுக் காகிதமெல்லாம் நாளைக்கு அனுப்பறேன்."

"இறங்கி வரீங்களா?"

"எதுக்கு? ஃப்ளோர் அங்கதானே இருக்கா." லோர்னா எதையோ துடைக்கிற சத்தம் கேட்டது. "அடியே, நீ கூவினப்ப என் காபி மடியில கொட்டிடுச்சு. தெரிஞ்சுக்கோ."

இடோயா தொலைபேசியை மாட்டிவிட்டுத் திரும்பியபோது மேசை விழாக் கூடாரம் போல ஆகியிருந்தது. ரஸ்டி வெர்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்க எந்தக் கிழமை வேணாலும் உண்மை சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். யாரோ எல்லாருக்கும் பிக்கோன் மது வரவழைத்திருந்தார்கள். ஃபெர்மின் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, டொமிங்கோவுக்குப் பக்கத்தில் வெர்லா விட்டுவிட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்குக் கால்தான்டா," என்றார் வாயைப் பொத்தியபடியே. "எனக்குப் பாதி. ஜெயிச்சவனைப் பாத்தா பாவமா இருக்கு."

"அதை வெச்சு முதல்ல ஒரு நல்ல பல்லு செட்டு வாங்கு."

"நீ ஒரு கண்ணாடி வாங்கு. கழுத்துல மாட்டற கயித்தோட வாங்கு."

"வாங்கினா?"

ஃபெர்மின் தன் கோப்பையை எடுத்து அவர் கோப்பையில் இடித்தார். "வாங்கினா அடுத்த வருஷம் முஸ்ல பேரைக் கொடுக்கலாம். நான் நாக்கைக் காட்டுவேன். நீ அது உதடு இல்லைன்னு பாத்துச் சொல்லணும்."

"கர்டிஸ்," என்றார் டொமிங்கோ, "இவன்கிட்ட சொல்லு, நான் வரேன்னு."

"அவர் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கார்!" என்றான் கர்டிஸ்.

"இருந்தாலும் சொல்லு. பழகிப்போச்சு."

கர்டிஸ் சொன்னான்.

அப்போது அறையின் மறு கோடியில், இரண்டாம் மேசையில் ஒரு கை உயர்ந்தது. "ஃப்ளோர்!"

இடோயா போனாள். இரண்டு பேர் எழுந்து நின்று, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கைகளையும் மெல்ல மேசை விளிம்பில் ஊன்றினாள். அவ்வளவுதான். அவர்களில் ஒருவர் சட்டென்று உட்கார்ந்தார், இன்னொருவர் காதைப் பொத்திக்கொண்டார். மேசையில் இருந்த அத்தனை பேரும் அவளை நோக்கிக் குனிந்தார்கள்.

"சரி," என்றாள் இடோயா, எப்போதும் போன்ற குரலில். "என்ன நடந்துச்சு?"